கிரீஸ் வைக்கக் கூடாத கயிறு

ஜெபராஜுக்கு நான் நானூற்றைம்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அது விளையாட்டுத் தொகை இல்லை. எங்கள் தீவில் டெலானிபூர் மேட்டில் பாதிச் சுவர்கள் நான் ஒப்பந்தம் எடுத்து எழுப்பியவை. அந்தப் பணத்தை இடது கையால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நம் சங்கத்து ஆண்டு மலருக்குத் தீவில் உழைத்த ஒரு சாதாரண மனிதரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். சாதாரண மனிதருக்கு நான் எங்கே போவேன்? நான் பழகியதெல்லாம் பெரிய மனிதர்களோடு. ஐம்பத்து நாலில் கப்பலின் அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்றார் வாத்தியார். எனக்குக் கீழே பின்னாளில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் மெட்ரிக் பாஸ். யோசித்துப் பார்த்ததில் சாதாரண மனிதன் என்று எனக்குத் தெரிந்தவன் ஜெபராஜ் ஒருவன்தான். அவனைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டி வரும். வேறு வழி இல்லை.

ஜெபராஜ் திருச்செந்தூர் பக்கத்து வீரபாண்டியன்பட்டணத்துக்காரன். ஐம்பத்தேழில் வந்தான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் வின்ச் பிடித்தான். கப்பலிலிருந்து மூட்டையைத் தூக்கி இறக்கும் இயந்திரம்தான் வின்ச். தூக்குவதை எவனும் செய்வான். மூட்டையை நடுவானத்தில் நிறுத்தி, முட்டைக் கூடையைப் போலத் தரையில் வைக்க அவன் ஒருத்தனால்தான் முடியும். பேச்சு குறைவு. பேசினால் கேள்வியாகத்தான் வரும். அதுவும் நமக்குப் பதில் தெரியாத கேள்வியாக.

அறுபத்து மூன்றில் அந்த ஏஜெண்டு கிரீஸ் செலவைக் குறைத்தார். புண்ணியவான், மாதம் பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்தார். உப்புக்காற்றில் காய்ந்த கம்பிக் கயிறு உள்ளுக்குள்ளேயே துருவேறி ஒருநாள் அறுந்தது. அதோடு ஜெபராஜின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து இந்தத் தீவில் எங்கள் ஆட்களுக்கு ஒரே வேதம்: கயிற்றைக் கண்டால் கிரீஸ் வை. துணி காயப் போடும் கம்பிக்கே கிரீஸ் வைத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். என் வீடுதான். என் மனைவி மரகதம் அந்த வாரம் பூராவும் என்னோடு பேசவில்லை. நிம்மதியான வாரம்.

கதைக்கு வருகிறேன். குழந்தைவேலு செட்டியார் டெலானிபூரில் தரைத் தளத்துக்கு மேல் மூன்று மாடி வைத்து ஒரு கட்டடம் கட்ட நினைத்தார். கட்டியது நான். மனைவி பெயரால் விசாலாட்சி பவனம் என்று பெயர் வைத்தார். கட்டடம் பாதி எழும்பியபோது மெட்ராஸ் போய்வந்தவர், திரும்பி வந்ததும் தூக்கம் கெட்டுப்போனார். அங்கே ஒரு ஓட்டலில் லிப்ட்டில் ஏறியிருக்கிறார். தினமும் மலை ஏறித் தண்ணீர் சுமக்கும் ஜனங்கள் மூன்று மாடி ஏறக் கஷ்டப்படுவார்களே என்று அவருக்குத் திடீரென்று இரக்கம் வந்துவிட்டது. ஆறு பேர் ஏறும் லிப்ட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அது கப்பலில் பதினேழு பெட்டிகளாக வந்தது. கூடவே பாலசுப்பிரமணியம் என்ற மெட்ராஸ் என்ஜினியரும் வந்தார். முப்பது வயது. வெள்ளைச் சட்டை. பெட்டிகளைவிட அவர்தான் பத்திரமாகக் கட்டி அனுப்பப்பட்டவர் போல இருந்தார்.

மோட்டாரை மொட்டை மாடிக்கு ஏற்றுவதும், லிப்ட் ஓடுவதற்காகக் கீழிருந்து மொட்டை மாடிவரை விட்டிருந்த உயரக் குழிக்குள் இரும்புத் தண்டவாளங்களை நிமிர்த்தி நிறுத்துவதும், கயிறு கோப்பதும் கட்டட ஒப்பந்தத்தோடு என் தலையில் விழுந்தன. நான் அதை ஜெபராஜ் தலையில் இறக்கினேன். மொத்த வேலைக்கு நானூற்றைம்பது ரூபாய் பேச்சு. ஐம்பது நாள் அவன் அந்தக் குழிக்குள் பல்லியாக ஒட்டிக்கொண்டு கிடந்தான். கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்று சொல்லும் கடினமான வேலையை நான் செய்தேன்.

வேலை முடிந்ததும் கூலி கேட்டான். அவனுக்கு அது அவசரம் என்பது எனக்குத் தெரியும். சிப்பிகாட் ஓடைக்கரையில் ஒரு பெங்காலி ஆசாரி செய்து வைத்திருந்த டோங்கிக்கு அவன் முன்பணம் கொடுத்திருந்தான். டோங்கி என்றால் இங்கே மீன் பிடிக்கும் சின்னப் படகு. இனி யாருக்கும் வின்ச் பிடிக்காமல், சொந்தமாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பது அவன் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மீதி நானூற்றைம்பது வரவில்லை என்றால் படகை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிடுவேன், முன்பணமும் திரும்பாது என்று ஆசாரி சொல்லிவிட்டான்.

லிப்ட் சோதனையில் தேறினால்தான் செட்டியார் எனக்கு மீதி மூவாயிரம் தருவார், அதன்பிறகு உனக்குத் தருகிறேன் என்றேன். என் பெட்டியில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்தவன் பணம் நம் பெட்டியில் இருக்கும்போது அதற்கு ஒரு தனி வாசனை உண்டு. முதலாளி ஆனவர்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சோதனை. சனிக்கிழமை என்ஜினியருக்குக் கப்பல். காலையில் அவர் டிக்கெட் விஷயமாக ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போயிருந்தார். நான் மேற்பார்வை பார்க்க மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஏறினேன். லிப்ட்டைத் தூக்கும் தடித்த கயிறுகள் கம்பெனியிலேயே எண்ணெய் ஊறி மினுமினுவென்று இருந்தன. ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரத்தில் மெலிதாக ஒரு கம்பிக் கயிறு, விதவையைப் போல வறண்டு கிடந்தது. எனக்கு அறுபத்து மூன்று ஞாபகம் வந்தது. கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.

ஜெபராஜ் வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தச் சின்னக் கயித்துக்கு வேண்டாம்."

"ஏம்ல?"

"அது தூக்குற கயிறு இல்ல. புடிச்சு நிறுத்துற கயிறுன்னு அந்த சார் சொன்னாவ. வின்ச்சு பிரேக்குல கிரீஸ் வச்சா என்ன ஆவும்?"

பார்த்தீர்களா, கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத முதலாளி என்ன செய்வானோ அதைச் செய்தேன்.

"ரெண்டு விரல் போயும் ஒனக்குப் புத்தி வரலியால?" என்று கேட்டுவிட்டு, அவனைக் கீழே போகச் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி என் கையாலேயே பூசினேன். நான் வேலை செய்தால் சுத்தமாகச் செய்வேன். மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலம் விடவில்லை. சுவரில் என்ஜினியர் இங்கிலீஷில் எழுதிய அறிவிப்பு ஒன்று சிவப்பு மையில் தொங்கியது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவனே நான்தான். படிக்கத்தான் இல்லை.

மத்தியானம் சோதனைக்குச் செட்டியார் சந்தனம் பூசிக்கொண்டு வந்திருந்தார். என்ஜினியர் எங்கள் இருவருக்கும் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். லிப்ட் எதனாலாவது வேகம் மீறிக் கீழே இறங்கினால், மேலே இருக்கும் அந்தச் சின்னச் சக்கரமும் வேகமாகச் சுற்றும். அதற்குக் கவர்னர் என்று பெயர். வேகம் மீறியதும் ஒரு இரும்புத் தாடை விழுந்து மெல்லிய கயிற்றைக் கவ்வும். கயிறு நிற்கும், லிப்ட் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இழுப்பில் லிப்ட்டுக்கு அடியிலிருக்கும் ஆப்புகள் எழும்பி இருபக்கத் தண்டவாளத்தையும் கடித்துக்கொள்ளும். தடித்த கயிறு மொத்தமும் அறுந்தாலும் ஆட்கள் அந்தரத்தில் பத்திரமாக நிற்பார்கள். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் நகராது, கரண்ட் போனால் பிரேக் தானே இறுகிக்கொள்ளும், எல்லை தாண்டினால் மோட்டார் நின்றுவிடும் என்று இன்னும் நிறைய சொன்னார். கரண்ட் போவது பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆட்களுக்குப் பதில் எட்டு சிமெண்டு மூட்டைகளை லிப்ட்டில் ஏற்றி மேல் மாடியில் நிறுத்தினார்கள். என்ஜினியர் இயந்திர அறையில், நான் பக்கத்தில் நிற்க, பிரேக்கைக் கையால் தளர்த்தினார். லிப்ட் இறங்கியது. வேகம் பிடித்தது. தாடை டக்கென்று விழுந்தது. மெல்லிய கயிறு அதன் நடுவில் விலாங்கு மீனைப் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் பதறி, பிரேக்கைத் தளர்த்திப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிரேக் பிடித்து லிப்ட் நிற்பதற்குள் அது அடிக்குழி ஸ்பிரிங்கில் போய் உட்கார்ந்தது. உள்ளே இரண்டு மூட்டை வெடித்தது. கீழ்த்தளத்தில் நின்ற செட்டியார் சந்தனம் போய்ச் சிமெண்டு பூசி வெளியே வந்தார். அவருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

என்ஜினியர் அவரையும் ஜெபராஜையும் மேலே கூப்பிட்டார். கயிற்றை இரண்டு விரலால் தொட்டு, விரலை எங்களுக்குக் காட்டினார்.

"இதுக்கு யார் கிரீஸ் வெச்சது?"

செட்டியார் என்னைப் பார்த்தார். நான் ஜெபராஜைப் பார்த்தேன்.

"கயித்து வேலை எல்லாம் இவன் பொறுப்பு" என்றேன்.

கவனியுங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அன்றைக்கு இரவு தூங்குவதற்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஜெபராஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் மேற்கூரைப் பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இனி இவன் என் கட்டடத்துப் படி ஏறக் கூடாது, இவனுக்குக் கூலியும் கிடையாது என்றார் செட்டியார். ஜெபராஜ் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

போனது அவன் கூலியோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். புதுக் கயிறு மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும், அடுத்த கப்பலோ அதற்கடுத்த கப்பலோ என்றார் என்ஜினியர். அப்படியானால் உம்முடைய மூவாயிரமும் அதே கப்பலில் வரட்டும் என்றார் செட்டியார். அப்போதுதான் எனக்கு அநியாயம் என்றால் என்னவென்று உறைத்தது.

என்ஜினியரிடம் கெஞ்சினேன். கயிறு முழுவதையும் பெட்ரோலில் மூன்று நான்கு முறை கழுவிப் பிழிந்து துடைத்தால், மூன்று தடவை சோதித்துப் பார்த்து, புதுக் கயிறு வரும்வரை நாலு பேருக்கு மட்டும் தற்காலிகமாகக் கையெழுத்துப் போடலாம் என்றார். ஆனால் யாராவது குழிக்குள் தொங்கிக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். என்னிடம் இருந்த தெலுங்கு ஆள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஹம் நஹி ஜாயேகா, சேட்" என்று இந்தியில் மறுத்துப் பீடி பற்ற வைத்தான். நாற்பது பேரில் அவன்தான் தைரியசாலி.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெபராஜ் வீட்டுக்குப் போனேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு மேலே சரிவில் தகரக் கூரை வீடு. அவன் மனைவி கிளாரா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"செட்டியார் லிப்ட்டு மேல ஏற மாட்டேங்கு, எங்க கூலி கீழ எறங்க மாட்டேங்கு" என்றாள். "ரெண்டும் ஒரே கம்பெனியா அண்ணாச்சி?"

நான் அதற்குச் சிரித்தேன். என் வயதில் பாதி உள்ள பெண் கேட்டதற்குச் சிரிக்கத்தான் முடியும். உள்ளேயிருந்து ஜெபராஜ் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். கூலியோடு பத்து ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பத்து ரூவா வேண்டாம்" என்றான் ஜெபராஜ். "செட்டியார்ட்ட போயி, பூசுனது யாருன்னு சொல்லுங்க. படி ஏறாதன்னு சொன்னவரு அவருதான. அவரே வாயால கூப்பிடட்டும். நான் வாரேன்."

"கயித்தத்தான கழுவணும்? யாரு பூசுனா என்னல?"

"நாளைக்கு அந்த லிப்ட்டு விழுந்தா எம்பேரச் சொல்லுவாவ அண்ணாச்சி. ஊருல எனக்கு இருக்கது கயித்துக்காரன்ங்கிற பேரு ஒண்ணுதான். டோங்கி போனாப் போவட்டும், அதத் தர மாட்டேன்."

கிளாரா அரிவதை நிறுத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். படகு போகட்டும் என்று அவள் சொல்லவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு அடுத்த மீனை எடுத்தாள்.

டெலானிபூர் மேடு அன்றைக்கு ஏறியதைப் போல எனக்கு என்றும் செங்குத்தாக இருந்ததில்லை. செட்டியார் கடையில் பேரேடு பார்த்துக்கொண்டிருந்தார். பூசியது நான்தான் என்று சொன்னேன். உண்மை பேசினேன் என்று யாரும் மாலை போட வேண்டாம். மூவாயிரம் ரூபாயைக் கப்பலேற விடாமல் தடுக்க வேறு வழி தெரியவில்லை. ஹரிச்சந்திரனுக்கு என்ன கட்டாயம் இருந்ததோ, எனக்குத் தெரியாது.

செட்டியார் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்தே தெரியுமே வே. உம்ம சட்டைக் கையில முழங்கை வரைக்கும் கிரீஸ் இருந்துச்சு."

"பின்னே ஏன் அவனை..."

"நீரு கை காட்டுனீரு. பணத்த நிறுத்தி வைக்க ஒரு காரணம் கெடச்சுது. வேண்டாம்பேனா?"

ஒரு பெரிய மனிதரோடு பழகும்போது நமக்கு எவ்வளவு கற்றுக்கொள்ள இருக்கிறது பாருங்கள்.

அவர் ஆள் அனுப்பவில்லை. குறை சொல்லக் கூடாது, தானே நடந்துபோய் ஜெபராஜைக் கூப்பிட்டார். இறங்கி ஏறும்போது நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். லிப்ட் எவ்வளவு அவசியம் என்பது அவருக்கு அன்றுதான் நிஜமாகவே புரிந்திருக்கும்.

வெள்ளி மத்தியானம் தொடங்கி இருட்டும்வரை ஜெபராஜ் வேலை செய்தான். இடுப்பில் கயிறு கட்டிக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, மெல்லிய கயிற்றை முழம் முழமாகப் பெட்ரோல் துணியால் உருவினான். கிளாரா பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்து இறக்கினாள். நான் குழி வாசலில் நின்று பீடி எடுத்தேன். பெட்ரோல் கிடக்கு, பீடிய உள்ள வைங்க என்று அடியிலிருந்து குரல் வந்தது. நான் கட்டிய கட்டடத்தில் எனக்கே உத்தரவு. உள்ளே வைத்தேன். கடைசித் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தபோதுதான் அவன் மேலே ஏறினான். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி எட்டு மூட்டை. செட்டியார் இம்முறை இருபது அடி தள்ளி நின்றார். என்ஜினியர் பிரேக்கைத் தளர்த்தினார். நானும் ஜெபராஜும் அந்தச் சின்னச் சக்கரத்தின் பக்கத்திலேயே நின்றோம். அது சுற்றியது, வேகமாகச் சுற்றியது. தாடை விழுந்தது. கயிறு விறைத்து, ஒரு விரற்கடை நகர்ந்து, நின்றது. குழிக்குள் இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது பாருங்கள், என் பல் கூசியது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிப்ட் அசையாமல் நின்றது.

இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை என்ஜினியர் தாடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஜெபராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளத்தில் ஆப்புகள் கடித்த தடத்தை அரம் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யச் சொன்னார். அந்த மெல்லிய கயிற்றுக்கு ஏன் கிரீஸ் கூடாது என்பது மெட்ராஸில் தன் கம்பெனி ஆட்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்றார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடும் முன் அந்தச் சிவப்பு மை அறிவிப்பை எனக்கு ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டினார். அது அவசியமே இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

செட்டியார் மூவாயிரத்தைக் கொடுத்தபோது மணி மூன்றரை. நாலு மணிக்குச் சிப்பிகாட்டுக்குப் பஸ். ஜெபராஜும் கிளாராவும் விசாலாட்சி பவனத்து வாசலில் நின்றார்கள். நான் நிதானமாக வந்தேன். பணம் கொடுக்கப் போகிறவன் ஓடி வரக் கூடாது.

ஜெபராஜ் வலது கையை நீட்டினான். நாலு நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கிளாரா வாய்விட்டு எண்ணினாள். அடுத்து மூன்று பத்து ரூபாய் வைத்தேன். நானூற்று முப்பது. வெடித்த சிமெண்டு மூட்டை இரண்டுக்கும் இருபது பிடித்துக்கொண்டேன் என்றேன். அந்த மூட்டைகள் வெடித்தது யாரால் என்பது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. பழக்கம் அப்படி.

அவன் சண்டைக்கு வரவில்லை. மேட்டின் அடியில் பஸ் ஹாரன் அடித்தது. கிளாரா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவன் பார்க்கவில்லை. நோட்டுகளுக்குக் கீழே உள்ளங்கை விரித்தபடியே இருந்தது.

நான் பையில் கைவிட்டு ஒரு பத்தை எடுத்து வைத்தேன். நானூற்று நாற்பது என்றாள் கிளாரா. கை மூடவில்லை. இன்னொரு பத்தையும் எடுத்து, சுருக்கம் நீவி, மேலே வைத்தேன்.